குறிப்பாக யாரையும் குறிக்காது

பெரிய பள்ளங்களுக்கு
இறந்த அறிஞர்கள் வேண்டும்.
செத்து மூன்றாண்டாவது ஆகியிருக்க வேண்டும்.
சின்னப் பள்ளங்களுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை.
ஏதோ ஒரு நாட்டில்
யாரோ பிள்ளைக்கு வைக்கும் பெயர் போதும்,
அது குறிப்பாக யாரையும் குறிக்கக் கூடாது.

படிவத்தின் ஏழாம் கட்டத்தில் இதைப் படித்தபோது
இரவு மணி ஒன்பதே கால்.
இந்திராநகர் நூறடிச் சாலையில்
மழைக்கு ஒதுங்கிய ஸ்கூட்டர்கள்
எங்கள் அலுவலகப் படிவரை ஏறி நின்றன.
திரையில் நிலவின் தென்பாகம்.
ஒன்றே முக்கால் கிலோமீட்டர் அகலத்தில்
எண் மட்டும் உள்ள ஒரு குழி.

அதை முதலில் அளந்தவள் யசோதரை.

மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயிலேறி
கே.ஆர்.புரத்தில் இறங்கி
மெட்ரோ மாறி வருவாள்.
பையில் எலுமிச்சைச் சோறு, ஒரு மர ஸ்கேல்.
நாங்கள் குழிகளுக்கு
இட்லி, தட்டுவடை, சில்க்போர்டு என்று
வாய்க்கு வந்த பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டிருப்போம்.
அவள் எண்ணைத்தான் சொல்வாள்.
திரைமேல் ஸ்கேலை வைத்து
நிழலின் நீளத்தை எடுப்பாள்.
அதோடு சூரியனின் சாய்வைக் கோத்தால் ஆழம்.

"முந்நூத்திப் பன்னெண்டு மீட்டர்.
இதுக்குப் போய் பள்ளம்னு பேரு.
தங்கவயல்ல எங்கப்பா எறங்குனது
இதுமாதிரி பத்து ஆழம்."

அவள் பிறந்த சேதி
அடுத்த ஷிஃப்டுக்காரர் ஒருவர் வாயில்
கூண்டேறிக் கீழே போனதாம்.
அங்கேயே பெயர் சொன்னாராம் அப்பா,
விளக்குத் தொப்பியைக் கழற்றாமல்,
புத்தர் வீட்டுப் பெயராக.
மேலே வந்து சேர அதற்கு
ஒரு ஷிஃப்டு பிடித்தது.

மென்பொருள் இருநூற்று எண்பது என்றது.
நான் மென்பொருளின் எண்ணை அனுப்பினேன்.

மார்ச் முடிவில்
ஆறு பேரின் ஒப்பந்தம் நீளவில்லை.
விளிம்பு வரைய இனிக் கணினியே போதும்
என்ற தாளின் அடியில்
கையெழுத்து என்னுடையது.
ஸ்கேலை எடுத்துக்கொண்டாள்.
சார்ஜரை மறந்துவிட்டாள்.
அது இன்னும் என் இழுப்பறையில்
சுருண்டு கிடக்கிறது.

அதனால்தான் எழுதினேனா, தெரியாது.
பெயர்: யசோதரை.
மூலம்: தமிழ்ப் பெண்பெயர்.
காரணம் கேட்கும் கட்டமே இல்லை.
பொய் ஒன்றும் சொல்லவில்லை.
உண்மைக்கு அதில்
உட்கார இடமும் இல்லை.

பதினோரு மாதம் கழித்து ஒப்புதல் வந்தது,
வாலைக் கொஞ்சம் நறுக்கி:
யசோதரா.
மூலத்தை வடமொழி என்று திருத்தியிருந்தார்கள்.

அழைத்தேன். மாலை ரயிலில் இருந்தாள்.
ஒயிட்ஃபீல்டில் ஒரு மருத்துவமனையில்
பில் போடுகிறாளாம்.
பின்னால் யாரோ வேர்க்கடலை விற்றார்கள்.
மாலூரைத் தாண்டும் இரைச்சலுக்கு மேல்
கத்திச் சொன்னேன்.
விதியையும் சொன்னேன்,
அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"குறிப்பா யாரும் இல்லன்னா
அது நான் இல்லயே சார்."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.
ஒரு பாலம் கடந்தது.
ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது.

"ஆழம் என்ன போட்டிருக்கீங்க?"

இருநூற்று எண்பது.

"பேரு இருக்கட்டும்.
அதை மாத்துங்க."

மறுநாள் காலை சீக்கிரமே போய்
பழைய படத்தைத் திறந்தேன்.
சாய்ந்த வெயிலில்
குழிக்குள் பாதிவரை நிழல்.
ஒரு ஸ்கேல் கேட்டுக்கொண்டு
மேசை மேசையாக நடந்தேன்.
மூன்று மாடியில்
ஒருவரிடமும் இல்லை.