பத்தொன்பதாம் தேதி வரை

குழித்துறை கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையும் சர்பத் கடையும் நெருக்குகிற இடுக்கில்
என் கம்ப்யூட்டர்.
கீபோர்டில் ‘அ’ தேய்ந்து போய்விட்டது,
அவசரம் அவசரம் என்று அடித்து.

ஒன்பதே முக்காலுக்கு விஜிலா வந்தாள், தூத்தூரிலிருந்து.
நைட்டிக்கு மேல் ஒரு துவர்த்து.
வீட்டுப் பூட்டை ராத்திரியே மாற்றிவிட்டார்களாம்.
“எனக்க பிள்ளைக்க பாஸ்போர்ட்டு அவனுக்க கையில.
இண்ணைக்கு ராத்திரி திருவனந்தபுரத்துல பிளைட்டு.”

வக்கீல் மெர்லின் சொல்லச் சொல்ல அடித்தேன்:
எதிர்மனுதாரர் மைனர் குழந்தையை
இந்நீதிமன்ற எல்லை தாண்டிக் கொண்டுசெல்ல
முனைந்திருப்பதாக மனுதாரர் அஞ்சுகிறார்.

அஞ்சுகிற ஆளாகத் தெரியவில்லை.
பெஞ்சில் உட்காராமல்
பைக்குள்ளிருந்து பிள்ளையின் ஒற்றைச் செருப்பை எடுத்து
இது ஆதாரம் ஆகுமா என்று கேட்டாள்.
ஆகாது. பிறப்புச் சான்று இருக்கா?
ஞானஸ்நானச் சீட்டு இருந்தது.

ஏழாம் பத்தியில் எப்போதும் வருகிற வரி:
தாமதித்தால் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஏற்படும்.
அதை நான் அடிப்பதில்லை, ஒட்டுவேன்,
போன வாரத்து ரப்பர்த் தோட்ட வழக்கிலிருந்து,
அதற்கு அது ஒரு வழித்தகராறிலிருந்து வந்தது.
இன்று எழுத்தெழுத்தாய் அடித்தேன்.
பத்தேகாலுக்குக் கரண்ட் போயிற்று.
மெர்லின் வக்கீல் கெட்ட வார்த்தை பேசி
அன்றுதான் கேட்டேன்.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டு
விசாரிக்கலாமே என்றாராம் நடுவர்.
“நோட்டீஸ் போய்ச் சேரும்போ
பிள்ள கடலுக்கு மேல இருக்கும்”
என்றாளாம் விஜிலா.
அவளிடம் யாரும் கேட்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு
ஒரே பக்கத்தில் உத்தரவு.
சீல் மை காயவில்லை, ஊதினாள்.
மகளிர் காவல் நிலையத்துக்கு ஒரு நகல்,
விமான நிலையத்துக்கு ஒன்று,
கையிலிருந்ததை லாமினேட் பண்ணித் தரச் சொன்னாள்.
வேண்டாம் என்று
கடைசி வரியைத் தொட்டுக் காட்டினேன்.
பத்தொன்பதாம் தேதி வரை.

“அதுக்குப் பொறவு?”

ஆட்டோ களியக்காவிளைப் பக்கம் திரும்பிற்று.
மேஜை மேல் செருப்பு கிடந்தது, எடுத்துக்கொண்டு ஓடினேன்,
எட்டவில்லை.

ராத்திரி என்ன ஆயிற்றென்று
எனக்குச் சொல்ல யாருக்கும் கடமையில்லை.
ஃபைலை அழிக்கவில்லை.
நீட்டிக்கக் கேட்டு வந்தால்
தேதியை மாற்றினால் போதும்.
இழுத்துக்கொண்டே போனால்
பிள்ளையின் வயதையும்.