விதி பதினொன்று

மின்கம்பத்தில் கட்டக் கூடாது.
சாலை விளிம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி.
நிகழ்ச்சி முடிந்த நாற்பத்தெட்டு மணிக்குள்
கட்டியவரே கழற்ற வேண்டும்.

டார்லீன் வோஸ்னிக்கு இது மனப்பாடம்.
நகராட்சி வண்டியின் பின்னால்
ஒரு கார் விற்பனை, ஒரு ஹாக்கிப் போட்டி,
யாரோ ஒருத்தியின் ஐம்பதாவது பிறந்தநாள்
எல்லாம் சுருண்டு கிடக்கின்றன.

கர்லிங் அரங்கின் சுவரில் மட்டும்
சஸ்காட்செவன் காற்றில் அடித்துக்கொண்டு இன்னும் ஒன்று:
வால்டர் கோஸ்டியுக்கின் சிறுநீரகத்துக்காக
பிரோஹிக் கொழுக்கட்டை விருந்து.
சனி மாலை ஐந்து. தட்டு பதினைந்து டாலர்.

அளவு சரி. அனுமதி ஒட்டுத்தாள் சரி.
பெயரில் ஓர் எழுத்துப்பிழை;
வால்டரே வந்து மார்க்கரால் திருத்தியிருந்தார்.

வியாழன் இரவு அவர் போய்விட்டார்.
பிடித்து வைத்த எண்ணூறு கொழுக்கட்டையும்
சாவு வீட்டுக்குப் போயின.

ஏணியில் பாதி ஏறி நிற்கிறாள் டார்லீன்.
மைனஸ் முப்பத்தொன்று.
நிகழ்ச்சி நடக்கவில்லை.
நடக்காதது எப்போது முடியும்?
நாற்பத்தெட்டை எங்கிருந்து எண்ணுவது?

அவிழ்ந்திருந்த இடது மூலையை
இறுக்கிக் கட்டிவிட்டு இறங்குகிறாள்.

படிவத்தில், அகற்றிய நாள்:
நிலுவை.

மசி உறைந்துவிட்டது.
உள்ளங்கையில் பேனாவைச் சூடாக்கி
இரண்டாம் முறை எழுத வேண்டியிருந்தது.