முன்னுரிமை எண் ஐந்து

இன்வர்கார்கில். ஜூலை. நாலரைக்கே
சன்னல் மங்கத் தொடங்கிவிடும்.
ரொட்டித் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் நான் மட்டும்.
திரையில் விதிகள் பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன:
பத்து, விடுமுறை.
இருபது, மிகைநேரம்.
முப்பது, இரவுப்படி.
சின்ன எண் முந்தும்.
முந்தியது அந்த மணிநேரத்தை முழுசாகத் தின்றுவிடும்.
அடுத்ததற்கு
வழித்த இலை.

ஃபெட்டு வந்து கண்ணாடியைத் தட்டினார்.
கையில் மாவுப்பைக் கிழிசல், அதில் பென்சில் கணக்கு.
இரண்டாம் அடுப்பின் ஆள்.
வியாழன் இரவு பத்துக்கு ஏறியவர்
வெள்ளி காலை ஆறுக்கு இறங்கியிருக்க வேண்டும்.
வின்டன் சாலையில் பனி உறைந்து
மாற்றாள் வரவில்லை.
பத்து மணிவரை நின்றார்.
பாதி வெந்த ரொட்டியை
யாரிடம் சொல்லிவிட்டுப் போவது?

இடையில் நள்ளிரவு.
அதற்கு அந்தப் பக்கம் மாட்டாரிகி:
அறுமீன் விடியலில் திரும்பி வருவதற்காக
நாடே விடுமுறை எடுக்கும் நாள்.
ஆண்டுக்காண்டு தேதி நகரும்.
அட்டவணையில் நான்தான் தட்டச்சுகிறேன்.
வானம் தானாக மென்பொருளில் ஏறாது.

"பதினேழு போட்டிருக்கிறாய், மோரக்."

போட்டது நானில்லை என்று வாயெடுத்தேன்.
வரிசை போட்டது நான்தான்,
மூன்று வருஷம் முன்பு, ஒரு பிற்பகல்,
தேநீர் ஆறுவதற்குள்.

வியாழனின் இரண்டு மணிக்கு இரண்டு.
வெள்ளியின் பத்துக்கு, ஒன்றரை வீதம், பதினைந்து.
ஆறுக்குப் பிந்தைய நாலு மணியையும்
விடுமுறை விழுங்கிவிட்டதால்
மிகைநேரம் பட்டினி.

அவர் கிழிசலில் இருபத்துமூன்று.
"அந்த நாலு மணி விடுமுறையும்தான், மிகையும்தான்.
ஒன்றரையை இரண்டால் பெருக்கு."

"ஒரு மணிக்கு ஒரு பெயர்தான், ஃபெட்டு."

"ஆறே முக்காலுக்கு என் மனைவி
பிள்ளைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு
ஒரெட்டி கடற்கரையில் நட்சத்திரம் பார்த்தாள்.
நான் அங்கே இல்லை. அது விடுமுறை.
என் முழங்கால் வீங்கியது. அது மிகை.
இரண்டும் அதே ஆறே முக்கால்."

ஒப்பந்தத்தைப் புரட்டினேன். பதினான்காம் பக்கம்,
காப்பிக் கறைக்குக் கீழே:
இரு வீதமும் பொருந்தினால் எது அதிகமோ அது.
கூட்டலாகாது. பெருக்கலாகாது.
அந்த நாலுக்கு இரட்டைக்கூலி, எட்டு.
மொத்தம் பத்தொன்பது.

"சரி," என்றார். "மீதி நாலு?"
பதிலுக்கு நிற்கவில்லை.
மேசை விளிம்பில் மாவு, ஒரு கட்டைவிரல் அளவு.

மென்பொருளுக்கு அதிகம் எதுவென்று தெரியாது.
முதல் எதுவென்று தெரியும்.
மிகைநேரத்தை மேலே இழுத்துப் பார்த்தேன்.
ஃபெட்டுவுக்குப் பத்தொன்பது வந்தது,
மாலை ஷிஃப்ட் லவீனியாவின் மாற்று விடுப்பு போனது.
நள்ளிரவு தாண்டி அவள் நின்றது இரண்டே மணி.
அதை மிகை தின்றதும்
விடுமுறைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.
ஒருவர் இலையில் வைத்ததை
இன்னொருவர் இலையிலிருந்து எடுத்திருக்கிறேன்.
பழையபடி இறக்கினேன்.

பிறகு எல்லாவற்றுக்கும் முன்னால்
புதிதாய் ஒரு வரி. எண் ஐந்து.
விடுமுறை நாளில் மிகைநேரம் விழுந்தால்
கூலி இரட்டை, மாற்று விடுப்பும் நிற்கும்.
விதிக்குப் பெயர் கேட்டது, நாற்பது எழுத்துக்குள்.
'இரண்டும்' என்று அடித்தேன்.

எந்தத் தேதியிலிருந்து?
இன்று என்று போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.
முர்டோக்கின் கணக்கு கலையாது, அவர் கோபம் என்மேல் விழாது.
மூன்று வருஷம் பின்னால் போய்
அந்தத் தேநீர் நாளைப் போட்டேன்.

முப்பத்தொரு பெயர்கள் இறங்கின.
இருவர் வேலையை விட்டுப் போனவர்கள்.
ஒருவர் இறந்துவிட்டார், அவர் வங்கிக் கணக்கு மூடப்பட்டது.
அதற்கு எந்தப் படிவம் என்று தேடிக்கொண்டிருந்தபோது
ஏழே கால்.

என் வரியைத் திறந்து பார்த்தேன், சும்மாதான்.
மாதச் சம்பளம். மிகைநேரம் பொருந்தாது.