பரப்பு

இரவு பதினொன்றே முக்கால்.
சுன்னாகம் சந்திக்குக் கிட்ட, குஷன் கடைக்கு மேல்மாடி.
எட்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில்
மிச்சம் ஒன்பது ஜிபி.
காலை ஆறு பத்துக்கு இணுவிலில் முகூர்த்தம்.
ஒன்பது ஜிபிக்குள்
மாப்பிள்ளை காரால் இறங்கியும் முடியாது.

பழைய கருவி விதானையார் மாதிரி.
ஒவ்வொரு ஃபோல்டராகப் படலை தட்டி
உள்ளே எத்தனை பேர் என்று கேட்டு
எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடக்கும்.
நான் ரீ குடித்துக் கோப்பையைக் கழுவி வைத்தாலும்
பாதி ஒழுங்கைதான் தாண்டியிருக்கும்.

புதிது அப்படியில்லை.
நேரே காணிக் கந்தோருக்குள் போய்ப்
பதிவேட்டை விரித்துவிடுகிறது.
ஏழு விநாடி.
ஒரு வீட்டு நாயும் குரைக்கவில்லை.

திரை நிறையக் காணித் துண்டுகள்.
நீலம் கலியாணங்கள், ஊதா சாமத்தியவீடுகள்.
ரொறன்ரோவிலிருந்து வந்து செய்த ஒன்று
நாலு கமெரா, ஒரு கிரேனோடு
ஒரு குறிச்சியையே பிடித்துக்கொண்டு கிடக்கிறது.
எல்லைக்கல் எல்லாம் நேர்.
வேலிச் சண்டைக்கு ஒரு விரற்கடை இல்லை.

வடக்குப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு.
சுட்டியைக் கொண்டுபோனால்
‘அனுமதி இல்லை’.
எத்தனை பரப்பென்றும் சொல்லாது.
இந்த ஊர்க்காரனுக்கு அதை
யாரும் விளக்கத் தேவையில்லை.
திரும்பி வந்தேன்.

எல்லாவற்றிலும் பெரிய சதுரம்:
கோப்பாய் மண்டபம், இரண்டாம் கமெரா.
ஒரே கோப்பு, இருநூற்றுப் பத்து ஜிபி.
சேந்தன் நிறுத்தாமல் சாப்பிடப் போயிருக்கிறான்.
எழுபது நிமிடம் வெறும் மணவறை.
அழிக்க விரல் வைத்துவிட்டு
ஒருக்கால் ஓட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம்.

கதிரை அடுக்கும் சத்தம்.
ஐம்பத்திரண்டாவது நிமிடம் சோடனைக்காரர் இருவர், ஏணியோடு.
அவன் மேலே நின்று சரங்களை அறுக்க
அவள் கீழே சாக்கில் அடைகிறாள்.
பிறகு, ஒன்றும் நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை,
பொம்பிளையின் கதிரையில் இருந்து
காலை நீட்டிப் பெருவிரலை நீவுகிறாள்.
அவனும் இறங்கி வந்து மற்றதில் இருக்கிறான்.
இருவரும் நேரே பார்க்கிறார்கள்
காலி மண்டபத்தை,
அதாவது என்னை.
கதை பேச்சில்லை.
ஒரு தண்ணீர்ப் போத்தல் கை மாறுகிறது.
அவள் கழுத்து வியர்வையில் ஒட்டிய மல்லிகை இதழின்
நரம்பை எண்ணலாம், அத்தனை துல்லியம்.
நாலு நிமிடம்.
பிறகு அந்தக் கதிரைகளையும்
தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஓடர் இல்லை. அட்வான்ஸ் இல்லை.
அல்பத்தில் எந்தப் பக்கமும் இல்லை.

தெற்கே செம்மஞ்சளில் என் சொந்தக் காணி.
பதினொரு படங்கள், எழுபது எண்பது ஜிபிப் படி.
ஒரு புள்ளியும் குறையக்கூடாதென்று
இரவிரவாக இறக்கியவை.
நோர்வீஜியன் உட்பட இருபத்தாறு மொழியில் வசனம்.
எட்டுத் திக்காலும் இடி விழும் ஒலி.
என்னிடம் இருப்பதோ
ஒரு பக்கம் மட்டும் கேட்கும் ஹெட்செட்.
எதிலும் இருபது நிமிடம் தாண்டி
நான் முழித்திருந்ததில்லை.

பதினொன்றையும் அழித்தேன்.
கோப்பாயில் அந்த நாலு நிமிடத்தை மட்டும் வெட்டித்
தரம் குறைக்காமல் எடுத்துவைத்து
மிச்சத்தை விட்டேன்.
என்ன பெயர் என்று கேட்டது கொம்பியூட்டர்.
அவர்கள் பெயர் எனக்கென்ன தெரியும்.
‘ஏணி’ என்று போட்டேன்.

மறுபடி ஏழு விநாடி.
தெற்கு முழுக்க வெறுங்காணி.
‘ஏணி’ எங்கே என்று தேடினால்
இரண்டு கலியாணங்களுக்கு இடையில்
ஒரு கிணற்றடி அளவு.

சேந்தன் எடுத்தான்.
“அண்ணை, இடம் கிடக்கோ?”
“கிடக்கு.”
“ட்ரோன் பற்றரி சார்ஜ் போட்டனீங்களோ?”

போடவில்லை.