பிடி

டோங்காட்டில் குழாய் வறண்ட ஒன்பதாம் நாள்
சாக்ரன் செய்தி அனுப்பினான்:
துவைக்கத் தண்ணீர் வரும்வரை யாரும் கீ உடுத்த வேண்டாம்.
நோ-கீ மட்டும்.
குறை சொல்பவர் லாரி வந்ததும் எனக்கு வாளி தூக்கலாம்.

எனக்குக் கீதான் சரி.
முரட்டுப் பருத்தி, நாற்பத்தொரு வயது முட்டி,
இரண்டுக்கும் அவசரம் கிடையாது.
காலருக்குள் நாலு விரலை விட்டு
கட்டைவிரலைப் பூட்டிவிட்டால் எங்கே போவாள் எதிராளி?
ஆலை எடைமேடையில் கரும்பு லாரியை நிறுத்துவதுபோல்
நிறுத்திவைத்து, மூச்சு வாங்கி,
ஒரு கணக்குப் போடலாம்.
பாதி யோசனையைத் துணியே யோசித்துவிடும்.

வியாழக்கிழமை நொக்வாசி வந்தாள்,
பச்சைச் சட்டை தோலோடு ஒட்டியிருக்க,
ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக.
உள்ளங்கை தட்டி, முஷ்டி தட்டி, தொடங்கினோம்.

பழக்கத்தில் என் கை காலரைத் தேடிப் போயிற்று.
மின்வெட்டில் சுவிட்சைத் தடவுகிறவளாய்
அவள் கழுத்தெலும்பைத் தடவிக்கொண்டு நின்றேன்.
சிரித்தாள்.
சிரிப்பு முடிவதற்குள் என் முதுகில் இருந்தாள்.

பிப்ரவரி வியர்வை.
மணிக்கட்டு சோப்பு, கணுக்கால் சோப்பு.
பிடி கொடுக்காமல் பேசுகிறாள் என்று
வங்கியில் ஒருத்தியைத் திட்டியிருக்கிறேன்.
அவள் எவ்வளவோ தேவலை.

மூன்று முறை தட்டினேன்.
நாலாவதில் வேறு வழியில்லாமல்
அக்குளுக்குள் கை நுழைத்து
விலாவில் காதை அழுத்தி ஒட்டிக்கொண்டேன்.
கீயில் ஒரு முழம் தள்ளி நின்றே ஆளைப் பிடிக்கலாம்.
இங்கே அந்த முழத்தை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள்.

அவள் வயிறு இரைந்தது.
நாய்க்குட்டி உறுமுவதுபோல், நீளமாக, என் காதுக்குள்.

ஆறு வருடம் இந்தப் பெண்ணின் காலரைப் பிடித்திருக்கிறேன்,
அதன் தையல் எங்கே பிரிந்திருக்கிறது என்றுகூடத் தெரியும்.
"சாப்பிடலையா நீ?" என்று தலையைத் தூக்கினேன்.
தூக்கிய தலைக்குக் கீழே கை வந்துவிட்டது.
நாலாவது தட்டு.

"கேள்வியை அப்புறம் கேட்டிருக்கலாம்," என்றாள்,
என் டப்பாவிலிருந்து ரொட்டியும் உருளைக்கிழங்கும் எடுத்தபடி.

திங்களன்று தண்ணீர் வந்தது, முதலில் பழுப்பாய்.
கீயைத் துவைத்து மாடிக் கம்பியில் போட்டேன்.
இரண்டு கையையும் விரித்துக்கொண்டு
உள்ளே ஆளில்லாமல் அது சொட்டிக்கொண்டிருந்தது.

எது பிடிக்கிறது என்று சாக்ரன் கேட்கிறான்.
கீதான், இன்னமும்.
ஆனால் செவ்வாயன்று அவள் காலரைப் பிடித்தவுடன்
கையை மடக்கி
கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டேன்.
அது தப்பான நகர்வு.
உடனே கவிழ்த்துவிட்டாள்.