பட்டுமி, மழை நாள்

ஒன்பதுக்குத் தாவரத் தோட்டம்,
பதினொன்றுக்குக் கோட்டை என்றிருந்தது.
நாஸிப்ரோலா குடையை விரிக்கவே இல்லை.
"இங்கே மழைக்கு ஒதுங்கினால்
ஊரைப் பார்த்த கணக்கில் வராது."

வாடகை சைக்கிள்காரன்
இருக்கைகளுக்குப் பாலிதீன் பை மாட்டிக்கொண்டிருந்தான்.
கரையெல்லாம் கூழாங்கல்;
ஒவ்வோர் அடிக்கும் பாதத்திடம் சுங்கம் கேட்டது.
பதினோரு பேரில் நால்வர்
காபிக் கடையோடு சரி.

மூங்கில்களுக்கு அப்பால்
தகரக் கூரைக்கடியில் சதுரங்கம்.
சொட்டச் சொட்ட நின்ற எங்களை
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
தோற்றுக்கொண்டிருந்தவர் மட்டும்
கறுப்புக் குதிரையிலிருந்து விரலெடுக்காமல்
"கடல் இப்போது வெதுவெதுப்பாக இருக்கும், போ" என்றார்.

போனேன்.
தலையில் குளிர், தோளுக்குக் கீழே கதகதப்பு.
கழுத்தளவில் நின்று பார்த்தால்
மழை
கடலிலிருந்துதான் முளைக்கிறது.

"கோட்டைக்கு நாளை" என்றாள்
துண்டை நீட்டியபடி.
நாளை எனக்கு விமானம்.
சொல்லவில்லை.