டிரைவர் பழசு

"குடிநீர் வி வி வி வி வி" என்று
ஒரே எழுத்தைக் கவ்விக்கொண்டு அலறியது.
பிறகு நீலம்.

செல்லூரில், பரோட்டாக் கடைக்கும் ஜெராக்ஸுக்கும் நடுவே
ஆறடிக்கு எட்டடி ஒலிப்பதிவுக் கூடம்.
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறார் பாக்கியசீலி.
அவர் குரலில்தான் இந்தப் பக்கம்
கடைகள் திறக்கின்றன, நகைகள் காணாமல் போகின்றன,
இறந்தவர்கள் சரியாக நான்கு மணிக்குப் புறப்படுகிறார்கள்
தத்தனேரிக்கு.

இன்றைக்கு அவசரம் தண்ணீர்.
மூன்று தெருவுக்கு இரண்டு நாள் வராது.
ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்.
வாசலில் ஆட்டோ, அதன் தலையில் இரண்டு குழாய்.
ஒச்சப்பன் பென்டிரைவைத் தாயத்துபோலக்
கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டு நிற்கிறார்.

வழக்கமான சந்தேகங்களிலிருந்து தொடங்கினேன்.
மூடியைக் கழற்றினால் ஒரு கை தூசி,
காய்ந்த பல்லி முட்டை ஒன்று.
மெமரியை உருவி, பென்சில் ரப்பரால் தேய்த்துச் செருகினேன்.
சூடாக இருக்கலாமென்று மேசை விசிறியை அதன் பக்கம் திருப்ப,
பாக்கியசீலி முந்தானையால் விசிறிக்கொண்டார்.
"குடிநீர் வி வி வி வி."
நீலம்.

கணக்கு எழுதச் சொன்னால் எழுதுகிறது.
கல்யாணப் படம் காட்டச் சொன்னால் காட்டுகிறது.
வாயைத் திற என்றால் மட்டும் விழுகிறது.
சேஃப் மோடில் அரைமணி நேரம்
ஊமையாக, தெளிவாக உட்கார்ந்திருந்தது.

விழுந்த நேரங்களின் பட்டியலைத் திறந்தேன்.
ஒன்பது விழுகை. ஒன்பதிலும் ஒரே கோப்பின் பெயர்,
சவுண்டு கார்டுடையது.
தேதி: 2009, பிப்ரவரி.
போன மாதம் கொழுந்தன் வந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டாராம்.
மற்றதெல்லாம் இடம் மாறிவிட, இது மட்டும்
பழைய நினைப்பில்
இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

"கண்டுபிடிச்சுட்டேன்க்கா," சத்தமாகவே சொன்னேன்.
"டிரைவர் ரொம்பப் பழசு. அதான் விழுது.
தூக்கிட்டுப் புதுசு போட்டாச் சரியாயிரும்."

வாசலில் பீடி அணைந்தது.
"யாரும்மா விழுந்தா?
இருவத்தேழு வருசத்துல வண்டியில ஒரு கீறல் காட்டு பாப்போம்."

விளக்கினேன்.
அண்ணே, இது வேற டிரைவர், உள்ள இருக்குறது,
மெசினுக்கும் சத்தத்துக்கும் நடுவுல நிக்கிறது.
"நானும் அங்கனதான் நிக்கிறேன்" என்றார்.

பழையதை முடக்கினேன்.
பட்டியலில் அதன் பெயர்மேல் கீழ்நோக்கி ஓர் அம்பு.
கார்டு செய்த கம்பெனியையே காணோம்.
சிப்பின் எண்ணை டார்ச் அடித்துப் படித்து
அதற்குப் புதிதாக எழுதப்பட்டதைத் தேடிப் பிடித்து
என் போன் நெட்டில் இறக்கினேன். இருநூற்றுப் பதினான்கு எம்பி.
அறுபத்தொன்றாம் சதவீதத்தில் கரண்டு போனது.
யூபிஎஸ் பன்னிரண்டு முறை கீச்சிட்டு அடங்கியது.
நாலு நாற்பது.

வெளியே ஆட்டோ உதறிக்கொண்டு கிளம்பியது.
பென்டிரைவ் இன்னும் அவர் கழுத்தில், காலியாக.
தெருமுனையில் மைக்கைத் தட்டும் சத்தம்,
டொக், டொக்.

"இந்தா, கேட்டுக்கங்க.
நாளைக்கும் நாளான்னைக்கும் தண்ணி வராது.
அஞ்சாவது தெரு வராது. ஆறாவது தெரு வராது.
ஏழாவது தெருவுல என் வீடு இருக்கு, அங்கயும் வராது.
இப்பவே புடிச்சு வச்சுக்கங்க.
அப்பறம் என்கிட்ட சண்டைக்கு வராதீக."

அன்பார்ந்த பொதுமக்களே இல்லை.
பின்னணியில் நாதஸ்வரம் இல்லை.
கொத்துப் பரோட்டாக் கரண்டி நின்று கேட்டது.

ஐந்து பத்துக்கு விளக்கு எரிந்தது.
மறுபடி பூஜ்யத்திலிருந்து.
ஆறு மணிக்குப் பாக்கியசீலியின் குரல்
'வி'யைத் தாண்டி
'நியோகம்' என்று அந்தப் பக்கம் இறங்கியது.
முழுதாகக் கேட்டார். "இவ்வளவு இழுக்கிறனா நான்?" என்றார்.

ஒச்சப்பன் திரும்பி வந்திருந்தார்.
"புதுசு வந்துருச்சா?"
வந்துவிட்டது. ஒத்துவராவிட்டால்
பழைய டிரைவருக்கே திரும்ப ஒரு பொத்தான் இருக்கிறது,
காட்டினேன்.
குனிந்து பார்த்தார்.
"இத யாராச்சும் அமுக்கிருக்காகளா?"

முந்நூறுக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தேன்.
ஆறாவது தெருவிலிருந்து
குடத்தோடு குடம் இடிக்கும் சத்தம்.